வடக்குக் கூரைத் தண்ணீர் விழும் நிலம்

அனுப்புநர்:
சலவைக் கடை உரிமையாளர்,
மலைப்பாதை முகப்பு.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
சுற்றுலா மேம்பாட்டு அலுவலகம்.

பொருள்: மலைமாதா கோயிலின் வடபுற நிலத்தைத் தோண்டும் பணியை நிறுத்தி, கழிப்பறைக் கட்டடத்தைத் தென்புறத்துக்கு மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நானும் என் கணவரும் சலவைக் கடை நடத்தி வருகிறோம். கோயிலின் பீடத்துணிகளும் குருவானவரின் அங்கிகளும் எங்களிடம்தான் வெளுக்க வருகின்றன. தங்கள் துறைப் பொறியாளரின் சட்டைகளையும் நாங்களே தேய்த்துக் கொடுக்கிறோம். ஆகவே இம்மனு யார் மீதும் கொண்ட மனக்கசப்பால் எழுதப்பட்டதல்ல.

மலை ஏறி வரும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று முன்னர் தங்களிடம் மனு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அது இன்றும் வேண்டும். தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு.

ஏன் தவறு என்பதற்குக் கோயிலின் அமைப்பையே சாட்சியாக வைக்கிறேன். காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் மேற்குச் சுவருக்குச் சன்னலே இல்லை. ஆள் ஒருவர் குறுக்கே படுக்கலாம், அவ்வளவு கனம். பாறையில் இடம் போதாமல் மணிக்கோபுரம் தனியாகக் கீழ்த்தட்டில் நிற்கிறது. தென்புறக் கூரையின் ஓரம் முழுக்கக் கல்லில் குடைந்த நீர்த்தாரை ஓடி, மழைத்தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கிறது. மலையுச்சியில் தண்ணீர் அவ்வளவு அருமை. ஆனால் வடபுறத்தில் தாரை இல்லை. அங்கே கூரை சுவரைத் தாண்டி நீண்டு, தண்ணீரை அப்படியே மண்ணில் விடுகிறது. தங்கள் துறை வைத்த அறிவிப்புப் பலகை இதை ‘முடிக்கப்படாத பகுதி’ என்கிறது. கோயிலைக் கட்டியவர்கள் தெரிந்தேதான் அப்படி முடித்தார்கள், ஐயா.

அந்நாளில் ஞானஸ்நானம் பெறும் முன்பே இறந்த குழந்தைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பெற்றவர்கள் எங்கே போவார்கள்? வடக்குச் சுவரோரம் புதைத்தார்கள். கோயில் கூரையைத் தொட்டு வரும் மழை பிள்ளையின் தலையில் விழுந்தால் அதுவே ஞானஸ்நானம் என்று நம்பினார்கள். அதற்காகவே கூரையை நீட்டினார்கள், தாரை வைக்காமல் விட்டார்கள். கட்டிய தலைமைக் கொத்தனாரின் குழந்தையும் அங்கே கிடப்பதாகச் சொல்வார்கள். அதை நிரூபிக்க என்னால் இயலாது.

என் குழந்தையைப் பற்றி மட்டும் சொல்ல இயலும். திருமணமான மறு ஆண்டு, பிரசவத்தில் நான் நினைவிழந்து கிடந்தபோது குழந்தை இறந்தது. எனக்குக் காட்டவில்லை. கடையில் வெளுத்து மடித்து வைத்திருந்த துண்டில் சுற்றி என் கணவர் மலைக்குத் தூக்கிப் போனார். ஆணா பெண்ணா என்று கேட்டபோதெல்லாம் வீட்டில் ‘பிள்ளை’ என்றுதான் சொன்னார்கள். எந்த இடம் என்று கேட்டால் என் கணவர் எழுந்து கடைக்குள் போய்விடுவார். தெரிந்தால் நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை, துவைத்த துணிகளோடு நாங்கள் மேலே போனபோது பொக்லைன் இயந்திரம் வடக்கு மூலையில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. என் கணவர் துணிக்கூடையை இறக்கி வைத்தார். நேரே நடந்து போய், வடக்குச் சுவரைத் தாங்கி நிற்கும் உதைசுவர் ஒன்றின் அருகில் நின்றுகொண்டார். “பெரியவரே, தள்ளி நில்லுங்க!” என்று ஓட்டுநர் கத்தினார். “என் பொண்ணு இங்க இருக்கா” என்றார் இவர்.

பெற்றது பெண் என்பதையும், அவள் கிடக்கும் இடத்தையும் நான் அறிந்துகொண்டது அப்போதுதான்.

ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். “என்னால முடியாது சார், வேற ஆளப் பாருங்க” என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இதனால் எந்தத் தொல்லையும் வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். எங்கள் தெருவில் சத்தமாகப் பேசுபவர் அவர் ஒருவர்தான். “எனக்கு ரெண்டு பேரு இங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. அதன்பின் தினமும் யாராவது வருகிறார்கள். ஒருவரையொருவர் காரணம் கேட்பதில்லை.

இங்கே கல்லறை இருந்ததாகப் பதிவேடு இல்லை என்கிறார் பொறியாளர். பதிவேட்டில் சேர்க்க மறுத்ததால்தானே ஐயா இக்குழந்தைகள் இங்கே வந்தார்கள்! தோண்டிப் பார்த்து எலும்பு கிடைத்தால் நிறுத்துவதாகவும் சொல்கிறார். பிறந்த குழந்தையின் எலும்பு இந்த ஈர மண்ணில் இத்தனை காலம் தங்காது. எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதி, அதன்மேல் கழிப்பறை கட்ட நாங்கள் சம்மதிக்க மாட்டோம். முதலில் இசைவு அளித்த பங்குத்தந்தையும், விவரம் அறிந்தபின் அதைத் திரும்பப் பெற்று எழுத்தில் தந்துள்ளார், நகல் இணைத்துள்ளேன்.

வரும் திங்கட்கிழமை வேறு ஓட்டுநரோடு வேலை தொடங்கும் என்று கேள்வி. அதற்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். அள்ளிய மண்ணை அள்ளிய இடத்திலேயே போட வேண்டும். தென்புறத்தில் மணிக்கோபுரத்துக்குக் கீழே வெறும் பாறை கிடக்கிறது. கழிப்பறையை அங்கே கட்டலாம். வடபுறக் கூரைக்கு எக்காலத்திலும் தாரையோ குழாயோ பொருத்தக் கூடாது.

திங்கள் முதல் எங்கள் கடை பூட்டியிருக்கும். எனவே தங்கள் பதிலை மேலே காணும் முகவரிக்கு அனுப்ப வேண்டாம். ‘வடக்குச் சுவரோரம், மலைக்கோயில்’ என்று எழுதினால் போதும். தபால்காரர் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
சலவைக் கடை உரிமையாளர்,
உடன் அமர்ந்திருக்கும் தாய்மார்களின் ஒப்பங்கள் பின்பக்கம்.

இடம்: மலைக்கோயில், வடபுறம்
நாள்: ஜூன் 12, வெள்ளிக்கிழமை