ஆளை மாற்றியதும் ஓடிய படகு

14 நவம்பர் 1979, புதன்

இன்று காளிமுத்துவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தின் அடியில் தேங்கிய மழைநீரில், மிதவை பம்புகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மோட்டார் படகை ஓட்டியவன் அவன். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன், கான்ட்ராக்ட் ஆள்.

பிட்ச், அதாவது இதழ்களின் சாய்வு, அதிகமான புரொப்பெல்லரை வாங்கியவர் எங்கள் மேலதிகாரி. வெறும் படகு அதில் பறந்தது. ஆட்களும் குழாயும் ஏறியதும், டாப் கியரில் மேடேறும் லாரி போல எஞ்சின் முக்கியது. பிட்ச் குறைந்ததைப் போடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். திங்களன்று காற்றை எதிர்த்துத் திரும்ப முடியாமல் படகு பம்பில் மோதியது. பழி காளிமுத்து மேல் விழுந்தது.

இன்று காலையில் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் வந்தது. நானே மாட்டினேன். புது ஆள் ஓட்டினான். முழுச் சுமையோடு படகு சுலபமாகப் போனது.

"பாத்தீங்களா, ஆள மாத்துனதும் எப்படிப் போவுது!" என்றார் மேலதிகாரி.

"புரொப்பெல்லரையும் மாத்தியிருக்கோம் சார்," என்றேன்.

காதில் வாங்காமல் ஜீப்பில் ஏறினார். நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

காளிமுத்து கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் விளக்கினேன்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க சார். நானும் பாத்துகினுதான இருந்தேன். அந்தாளு ஓட்னா போவுது. எனக்குத்தான் கை வரல."

இல்லையென்று எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை. கேட் பாஸை என் கையில் கொடுத்துவிட்டு மண்மேட்டுச் சரிவில் ஏறிப் போய்விட்டான்.