மெம்பர் என்று போட்ட கையெழுத்து

ஆகஸ்ட் 5

குழாயில் இன்றும் செம்மண் கலரில்தான் வந்தது. சாக்கடை வாடை வேறு. பக்கத்து வீட்டு விஜயராணி குடத்தைத் தூக்கிக் காட்டினாள். "இன்னா மெம்பரே, டீயே போட்டு அனுப்பறியா? சக்கரை மட்டும் நாங்க போட்டுக்கணுமா?"

தெருவே சிரித்தது. நானும்தான். 2006-இல் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து வார்டுக்கு நின்று ஜெயித்தேன். பதவி ஐந்து வருஷம். அதற்கப்புறம் எலெக்‌ஷனே வரவில்லை. என் இடத்துக்கு இன்னொருத்தர் வராத வரைக்கும் நான்தானே மெம்பர்? அஞ்சாங்கிளாஸோடு நின்றவளைத் தெரு இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறது.

ஆகஸ்ட் 18

சட்டசபைக் கமிட்டி வருகிறதாம், கொம்யூன்களுக்கு என்ன கஷ்டம் என்று விசாரிக்க. குடிதண்ணீர் பைப் உடைந்து சாக்கடைக்குள் கிடப்பதைப் பேத்தி மகா ஒரு மனுவாக எழுதித் தந்தாள். கையெழுத்தைப் போட்டு, கீழே 'மெம்பர்' என்று நானே எழுதினேன்.

"ஆயா, 'முன்னாள்'னு சேத்துக்கோ."

"நான் இன்னும் சாவலடி."

ஆகஸ்ட் 21

கமிட்டி வந்த கொம்யூன் ஆபீஸ் ஹாலில் 'மக்கள் பிரதிநிதிகள்' என்று அட்டை ஒட்டிய நாற்காலிகள் எல்லாம் காலி. போய் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை.

கமிஷனர் உள்ளதைச் சொன்னார். பெரிய வேலைக்குத் தீர்மானம் வேண்டும், தீர்மானம் போட மெம்பர்கள் இல்லை, அத்தனை ஊருக்கும் ஒரே இன்ஜினியர். கமிட்டித் தலைவர் எழுதிக்கொண்டார். அப்புறம் என் மனுவைப் பார்த்தார்.

"மெம்பர்னு போட்டிருக்கீங்களேம்மா. இல்லாத பதவியைப் போட்டா மனு செல்லாது. இந்த ஒரு வார்த்தைய அடிச்சுக் குடுங்க, இப்பவே சேத்துக்கறேன்."

பேனாவை நீட்டினார். மரியாதையாகத்தான் நீட்டினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் எதுக்கு அடிக்கணும்?

ஆகஸ்ட் 22

"குடுத்தியா மெம்பரே?" என்றாள் விஜயராணி.

குடுத்தாச்சு என்றேன்.

செப்டம்பர் 9

விஜயராணிக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். சோறு இறங்கவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொண்டுபோனேன். "நீ ஊட்டினா இன்னும் ரெண்டு நாளு படுத்துக்கலாம் போலக்குதே" என்கிறாள். சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தண்ணீரால்தான் என்றாராம் டாக்டர்.

செப்டம்பர் 11

அந்த வார்த்தையை அடித்தேன். பேனா கிழித்துக்கொண்டு போயிற்று. மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். கமிட்டி அறிக்கை முடிந்துவிட்டதாம்.

கிளார்க் நாகராஜன் நல்ல பிள்ளை. அவர்தான் சொன்னார்: "அன்னிக்கு மனு குடுத்த ஊருக்கெல்லாம் அவசர வேலைன்னு உத்தரவு வந்துடுச்சும்மா. மூணு ஊர்ல பைப்பே மாத்தியாச்சு. உங்க ஊரு மனு அதுல இல்ல. பரவால்ல, குடுங்க, அனுப்பி வைக்கறேன்."

பரவால்லயாம்.

செப்டம்பர் 17

விஜயராணி போய்விட்டாள்.

செப்டம்பர் 18

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அவள் புருஷன் மாரிமுத்து நேரே என்னிடம்தான் வந்தார். "நீ அன்னிக்கே மனு குடுத்தும் கண்டுக்கலியேக்கா அவனுங்க. பாவிப் பசங்க."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சுற்றி ஆள் இருந்தது... ஆள் இல்லாவிட்டால் மட்டும் சொல்லியிருப்பேனா?

செப்டம்பர் 26

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4

சாவு விழுந்த ஊர் என்று அவசரமாகப் புது பைப் போட்டார்கள். காலையில் திறந்துவிட்டதும் தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். மாரிமுத்து எல்லோரையும் நிறுத்திவிட்டு, முதல் செம்பைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"மொதல்ல நீ குடிக்கணும்க்கா. நீ குடுத்த மனுவாலதான் இது வந்துது."

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிக் குடித்தேன்.