தடைக்கு முப்பத்தாறு

ஐப்பசி, வெள்ளி இரவு.



செய்முறைப் பாடத்துக்கு டவுனில் இரவல் வாங்கிய அம்மீற்றரையும் கம்பிச் சுருளையும் கூடையில் வைத்துக்கொண்டு, நான் படிப்பிக்கும் வகுப்புக் கமலினியோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வவுணதீவுப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் ஆமி மறித்துக் கூடையைக் கொட்டியது. மீற்றரைக் கண்டதும் தமிழ் தெரிந்த அதிகாரியைக் கூப்பிட்டார்கள்.

“குண்டுக்கு வயர் இழுக்கவா?”

“பள்ளிக்கூடத்துக்கு, சேர். மின்சாரம் படிப்பிக்க.”

அவன் கமலினியின் பக்கம் திரும்பினான். “பன்னிரண்டு வோல்ற், மூன்று அம்பியர். தடை எவ்வளவு?”

“முப்பத்தாறு” என்றாள்.

போன கிழமை இதே கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டியவள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பெருக்கினா மின்வலுவெல்லோ வரும்! தடைக்குப் பிரிக்க வேணும், நாலு! எத்தின தரம் சொல்லித் தந்தனான், மண்டைக்க ஒண்டும் ஏறல்லையா புள்ள?” என்று அந்த இடத்திலேயே கத்திவிட்டேன்.

அதிகாரி சிரித்துவிட்டான். மீற்றரைத் திருப்பித் தந்தான். “இவள் லைற்கூடப் போட மாட்டாள், டீச்சர். போங்க.”

பாலத்தைத் தாண்டினோம். பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

“நாலு எண்டு தெரியும், டீச்சர். அண்ணனிட்டயும் இப்பிடித்தான் கேட்டவங்க. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னவன். இன்னும் விடல்ல.”

திங்கட்கிழமை பரீட்சை. தெரிந்ததையெல்லாம் எழுதுங்கோ என்று அவளுக்கு முன்னால் நின்று எந்த முகத்தோடு சொல்லப் போகிறேன்?