சாமி வண்டிக்கு அந்தப் பக்கம்

மே 6
பாபாகோவுக்குக் கண் இன்னும் திறக்கவில்லை. பனி வெளிச்சத்தில் கண்ணாடி போடாமல் மந்தையைக் காத்தாராம், என் வீட்டுக் கெட்டிக்காரர். கட்டிக்கொண்ட பாவத்துக்குத் தேயிலையை நனைத்து அவர் கண்ணில் கட்டுகிறேன். மந்தையோடு அவர் தம்பி ஹாபெச்சா மட்டும்தான். அத்தனையும் இன்றோ நாளையோ ஈனப்போகிற பனிமான்கள். அலுப்பாக இருக்கிறது.

மே 7
கூடாரத்தை ஒட்டி ஓநாய்த் தடம். ஒற்றை வரிசை. பின்னால் நிற்கிற சாமி வண்டியை, எங்கள் சாமிகளை ஏற்றிவைத்த சறுக்குவண்டியை, நோக்கிப் போகிறது. கூடாரத்துக்கும் அதற்கும் நடுவே பெண்கள் குறுக்கே போகக்கூடாது. சுற்றிப் போனாலும் தாண்டினதாகத்தான் அர்த்தம். நின்றுவிட்டேன்.

"எத்தனை?" என்றார் பாபாகோ, உள்ளே படுத்தபடி.

"ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"ஒண்ணுன்னா தம்பி பாத்துக்குவான். வயர்லெஸ்ல சொல்லிட்டு சூப்பை ஊத்து."

மே 8
மூன்று சினை மான்கள் போய்விட்டன.

ஓநாய்கள் ஒன்றின் அடிமேல் ஒன்று கால் வைத்து வரும். எனக்கா தெரியாது? தடம் பிரிகிற இடத்தைப் பார்த்தால்தான் எத்தனை என்று சொல்ல முடியும். பிரிந்தது வண்டிக்கு அந்தப் பக்கம்.

"ஒண்ணுன்னு சொன்னீங்களே அண்ணி! ஒரு கூட்டமே வந்துச்சு!" ஹாபெச்சா வயர்லெஸ்ஸில் கத்தினான்.

"நான் பாத்த வரைக்கும் ஒண்ணுதான்டா!"

அழுகை வந்துவிட்டது. நான் என்னதான் பண்ண? கோபம் சாமி மேலயா, என் மேலயா, கண்ணைக் கெடுத்துக்கிட்டுப் படுத்திருக்கிற இந்த மனுஷன் மேலயா — தெரியல.

மே 9
களைப்பு. எழுத ஒன்றுமில்லை.

மே 10
மறுபடி தடம், அதே பக்கம். கிடந்த ஓநாய் விட்டையின் சூடுகூட ஆறவில்லை.

நின்று யோசித்தேன். கூடாரம் நின்றால்தானே நடுவே என்று ஒன்று இருக்கும்? கூடாரம் போடுவதும் பிரிப்பதும் என் வேலை, அதில் யாரும் வாய் திறக்க முடியாது. மேலே போர்த்தியிருந்த தோலை உருவினேன், கம்புகளைச் சாய்த்தேன். பாபாகோ படுக்கையோடு வெட்டவெளியில் கிடந்தார்.

"அடியே, கிறுக்கு பிடிச்சிருச்சா? இடம் மாத்துறோமா?"

"ஆமா."

"எங்கே?"

"இங்கேயேதான். பேசாம படுய்யா."

வண்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். தடம் ஐந்தாகப் பிரிந்திருந்தது, மந்தை நிற்கிற பள்ளத்தாக்கை நோக்கி. வயர்லெஸ்ஸில் சொன்னதும் ஹாபெச்சா மந்தையை ஆற்றுக்கு அந்தப்புறம் ஓட்டிவிட்டான். ஒரு மான்கூடப் போகவில்லை. கூடாரத்தைத் திரும்ப நட்டு முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. நான் ஊற்றின சூப்பை அவர் தள்ளி வைத்துவிட்டார். பாவம் செய்துவிட்டேனா? செய்திருந்தால் என்னோடு போகட்டும்.

மே 12
முகத்தில் பனி விழுந்து விழித்தேன். மேலே வானம். கண்கட்டோடு பாபாகோ தடவித் தடவிக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆண்பிள்ளை கூடாரம் பிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பின்பக்கம் நாய் குரைக்குது," என்றார். "எந்திரி. போய் எண்ணிட்டு வா."