தொரசாணிக்கு வந்த கடைசிக் கட்டளை

தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் டீச்சராகவும் எனக்கு மட்டும் வெறும் ஸ்டெல்லாவாகவும் இருந்தவளே,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்கென்று இருந்துவிட்டேன். நீ கண்மூடி எட்டு மாதம். தோட்டத்துக் கைக்குழந்தைகளை நீ பார்த்துக்கொண்ட பிள்ளைக் காம்பராவுக்குக் கஹவத்தையிலிருந்து வேறொருத்தி வருகிறாள். குழந்தைகள் அவளிடம் பழகிவிட்டன. அதைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சிறுநீரகம் பழுதாகி நீ வேலையை விட்டபோது, உன் தம்பி பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்தான். அதில் வாள், மந்திரம், குதிரை என்று ஏதோ ஒரு ராஜ்யத்து விளையாட்டு. அதில் நீ நடத்துகிற பெண்ணுக்கு, தோட்டத்துரையின் மனைவியைச் சொல்வதுபோல ‘தொரசாணி’ என்று பெயர் வைத்தாய். இரத்தினபுரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்து, மீதி நாளெல்லாம் அந்த ராஜ்யத்திலேயே கிடந்தாய். நோயை மறந்திருக்கிறாயே என்று நானும் சும்மா இருந்தேன்.

பிறகு தொரசாணி, கூலிக்குக் கொலை செய்கிற சங்கத்தில் சேர்ந்தாள். தூங்குகிற ரொட்டிக்காரனின் தண்ணீரில் அவள் விஷம் கலப்பதை உனக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஞாயிறு வகுப்பில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவள் நீ.

“என்னா ஸ்டெல்லா இது, பாவமில்லையா?”

“இங்க நான் கொல்றவங்க, திரும்பத் தொடங்கினா எந்திரிச்சு வந்துர்றாங்க. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க வரலியேங்க.”

எனக்கு அது விளங்கவில்லை. நான் பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்து ஜெபித்து, “இருட்டுக்கு வாசல் திறக்காதீங்க சிஸ்டர்” என்றார்.  நீ லேப்டாப்பை மூடி அலுமாரிக்கு மேலே வைத்தாய். அவர் போன பிறகு, “என்கிட்டயே இன்னொரு தடவ கேட்டிருக்கலாமேங்க” என்றாய். அவ்வளவுதான்.

அதன்பிறகு ஐந்து வாரம் இருந்தாய். கூரைத் தகரத்தைப் பார்த்தபடியே படுத்திருந்தாய். அந்த ஐந்து வாரத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன மாதம், மழையால் ரப்பர் பால் வெட்டாத ஒரு நாள், நம் மகள் ஜெனிட்டாவைக்கொண்டு அந்த லேப்டாப்பைத் திறந்தேன். தொரசாணி சங்கத் தலைவன் முன்னால் நின்றாள். உள்ளே நடந்ததை வெளியே சொல்லிவிட்ட கிழட்டுச் சமையல்காரனைத் தீர்த்துவிடு என்பது கட்டளை. கொல்லலாம், மறுத்தால் சங்கத்தைவிட்டு ஓட வேண்டும். நீ இரண்டில் ஒன்றையும் தொடவில்லை. பாஸ்டர் வந்தது அன்றைக்குத்தான் போலிருக்கிறது.

சமையல்காரன் அடுப்படியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒங்கம்மா என்னா செஞ்சிருப்பா?” என்று கேட்டேன்.

ஜெனிட்டா என் முகத்தைப் பார்க்கவில்லை. “தெரியலப்பா. அம்மாவ விளையாட விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவனை நான் கொல்லவுமில்லை, காப்பாற்றவுமில்லை. உன் பதில் தெரியாமல் எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொள்ள முடியுமா?

இப்போது ஜெனிட்டா தனக்கென்று ஓர் ஆளை உண்டாக்கி விளையாடுகிறாள். அவளும் அந்தச் சங்கத்தில்தான் சேர்ந்திருக்கிறாள். எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் நேற்று ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி இந்த வீட்டில் விளங்காத எதையும் வெளியே கொண்டுபோக மாட்டேன், ஸ்டெல்லா. விளங்கும்வரை அவளிடமே கேட்பேன்.

உன்னிடம் கேட்காமல் போன உன் வீட்டுக்காரன்,
அந்தோணி