ஆங் லினின் கிண்ணம்

பிப்ரவரி 11, புதன்

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பதில் கோபி அண்ணன் பெயர் வந்ததிலிருந்து, அவன் கீழ்வீட்டு டோ மியாவின் பின்னறையில் ஒளிந்திருக்கிறான். டோ மியா சீனப் பெண்மணி. தனியாக இருக்கிறார். ஒரே மகன் ஆங் லினுக்குச் சரக்குக் கப்பலில் வேலை.

இன்று அவர் அடுப்படிச் சாமி படத்தின் வாயில் ஒட்டரிசி இனிப்பைத் தடவினார். "இன்னிக்கு இவரு மேல போயி வீட்டுல நடக்கறதெல்லாம் சொல்லுவாரு. வாய் ஒட்டிக்கிட்டா எப்படிச் சொல்லுவாரு?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் தடவுங்க என்றேன்.

பிப்ரவரி 14

எதிர்க் கட்டடத்தில் ராணுவச் சோதனை. ஒரு பையனைக் கூட்டிப் போனார்கள். செருப்புகூடப் போட விடவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்



சீனப் புத்தாண்டுக்கு முந்தின சாயங்காலம். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். தூரத்தில் இருப்பவருக்கும் ஒரு கிண்ணம் வைப்பார்களாம். எங்களையும் கூப்பிட்டிருந்தார். "இந்த வருஷம் ஆங் லின் கிண்ணத்துல நீ சாப்பிடுடா," என்று அண்ணனிடம் கொடுத்தார். தலையும் வாலுமாக முழு மீன். மிச்சம் வைத்தால்தான் வருஷம் முழுக்க மிஞ்சுமாம்.

"நம்ம ரூபாவ வெச்சிக்கிட்டு மீனு மிஞ்சுமா?" என்று என்னைக் காட்டினான் அண்ணன்.

அப்போதுதான் சோதனைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். அண்ணன் பின்படி வழியாக மொட்டை மாடிக்கு ஓடினான். அவன் பாதி சாப்பிட்ட கிண்ணம் மேசையிலேயே. நான்தான் — ஏன் அப்படிச் செய்தேன்? — மேலே சோற்றை அள்ளிப் போட்டு மூடி, சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் நடுவில் நட்டு வைத்தேன். நம் வீட்டில் வாழைப்பழத்தில் ஊதுவத்தி செருகுவதுபோல. படையல் மாதிரி இருக்கட்டும் என்று.

டோ மியா முகம் வெளுத்துவிட்டது. குச்சிகளைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"மூணு பேரு. நாலு கிண்ணம். இது யாருக்கு?"

"என் மகனுக்கு."

"எங்க அவன்?"

அவர் குச்சிகளையே பார்த்தார். "செத்துட்டான்."

கேட்டவன் தொப்பியைக் கழற்றினான். பின்னறையை எட்டிப் பார்க்காமலே போனார்கள்.

மேலே வந்த பிறகுதான் அம்மா சொன்னாள். செத்தவர்களுக்குத்தான் குச்சியை அப்படி நடுவார்களாம். அதைப் பார்த்த பிறகு, கப்பலில் இருக்கிறான் என்றால் நம்பியிருக்க மாட்டார்கள். "இன்னிக்கி சாவுங்கிற வார்த்தையவே வாயில எடுக்க மாட்டாங்கடி. பெத்த புள்ளைய போயி—"

பிப்ரவரி 17

ஆங் லின் போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 19

இன்றும் இல்லை. கரை சேர்ந்தால்தான் லைன் கிடைக்கும் என்கிறாள் அம்மா. டோ மியா என்னைத் திட்டவே இல்லை. திட்டினால் தேவலை.

அண்ணனை க்யிம்யிண்டைங் ஆற்றுத் துறையில் ரகசியமாக மீன் படகில் ஏற்றிவிட்டார்கள். வழிக்கு டோ மியாதான் புத்தாண்டுப் பலகாரம் கட்டிக் கொடுத்தார். அண்ணனைப் பிடித்துவிட்டால்? ஆங் லினுக்கு ஏதாவது ஆனால்? கடவுளே, அந்தக் குச்சியை நட்டது நான்தானே.

பிப்ரவரி 24

ஒன்றும் தெரியவில்லை. இருவரைப் பற்றியும்.

மார்ச் 3

அண்ணன் தாய்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டான். காலையில் சேதி வந்தது. அம்மா அழுதாள்.

சொல்லக் கீழே ஓடினேன். புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் கடைசி நாளாம். டோ மியா இஞ்சிப் பாகில் போட அரிசிமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். குடும்பம் பிரியாமல் இருக்க அது உருண்டையாகவே இருக்க வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

ஆங் லின்.

அவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. எனக்கே கேட்டது. "என்னையே கொன்னுட்டியாம்மா? கொல்றதுதான் கொன்ன, மீன் தலைய எனக்கு வெச்சியா இல்லியா?"

டோ மியா சிரிக்கவில்லை. மாவுக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவ சிரி," என்றார்.