தொலைநோக்கி வாசலில் கைப்பேசியை அணைத்து வைத்தவனுக்கு வானியற்பியலில் இடம் மறுத்தது பற்றி

அனுப்புநர்:
அப்னர் பியூக்கஸ் (வயது 33),
அடித்தள ஆண்டு மாணவர், எண் 0417,
அஞ்சல் பெட்டி 22, ராண்ட்புட்ஸ்,
வட கேப் மாகாணம், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
கோர்ட்டபெர்க் பல்கலைக்கழகம்.

பொருள்: வானியற்பியல் முதலாண்டில் எனக்குரிய இடத்தைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தது – இடத்தைத் திரும்பக் கேட்பது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் 09.12.2025, 11.12.2025, 12.12.2025 ஆகிய நாட்களில் என் கைப்பேசிக்கு அனுப்பிய மூன்று செய்திகள். மூன்றும் என்னை வந்தடைந்த நாள் 22.12.2025.

மதிப்பிற்குரிய பதிவாளர் அம்மையீர் அவர்களுக்கு,

மரியாதையாக எழுத வேண்டும் என்று என் மனைவி லீனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதிய முதல் மனுவை அவள்தான் கிழித்துப் போட்டாள். இது இரண்டாவது மனு.

1. எங்கள் ஊர்ப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் கிடையாது. கணிதம் என்ற பெயரில் கடைக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு எண்பது கிலோமீட்டர் தள்ளி ரேடியோ தொலைநோக்கி வந்தபோது அதன் வெளிவாசலில் எனக்குக் காவலாளி வேலை கிடைத்தது. ஆறு ஆண்டுகள் பார்த்தேன். உள்ளே போகிறவர்களின் கைப்பேசியை வாங்கி, அணைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டி, எண் போட்ட பித்தளை வில்லையைக் கையில் கொடுப்பேன். பெட்ரோல் வண்டிகளைத் திருப்பி அனுப்புவேன். அந்த எஞ்சினின் தீப்பொறிகூடத் தொலைநோக்கிக்கு இரைச்சல் என்பதால் டீசல் வண்டிக்கு மட்டுமே அனுமதி.

2. உள்ளே இருக்கும் அந்தப் பெரிய தட்டுகள் அப்படி எதைத்தான் கேட்கின்றன என்று ஒருமுறை வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா? கேட்டைத் திற" என்றார். திறந்தேன். அந்த வருடமே தங்கள் பல்கலைக்கழகத்தின் அடித்தள ஆண்டுக்கு விண்ணப்பித்தேன். பள்ளியில் இயற்பியல் படிக்காதவர்களை ஓராண்டு தயார்செய்து, அறுபத்தைந்து மதிப்பெண் எடுத்தவர்களை வானியற்பியல் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வதாகத் தங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பி வேலையை விட்டேன். என் வயதில் பாதியே ஆன பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தேன். முதல் கணிதத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன்; அன்று ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓடவில்லை. ஆண்டு இறுதியில் கணிதம் 71, இயற்பியல் 78. இவை தாங்களே வெளியிட்ட எண்கள்.

3. இயற்பியல் தாளின் நான்காம் கேள்வியைத் தாங்கள் வரவழைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றி இரைச்சல் இல்லாமல் காப்பது எப்படி என்று விளக்கச் சொன்ன கேள்வி அது. எனக்கு இருபதுக்கு இருபது. அடித்தள ஆண்டின் பொறுப்பாளர் முனைவர் மார்லீஸ் ஃபூரி அவர்கள் ஓரத்தில் "அருமை" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அந்த விடையில் எழுதியதை டிசம்பர் மாதத்தில் நான் செய்தும் காட்டினேன். அதற்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை.

4. விடுமுறையில் பழைய வாசலுக்கே தற்காலிகக் காவலாளியாகப் போனேன். டிசம்பர் 8 முதல் 22 வரை வாசல் விடுதியிலேயே தங்கல். அங்கே கைப்பேசிக்கு இடமே இல்லை, அது சட்டம். இதைத் தங்களிடம் மறைக்கவில்லை. தொடர்பு எண் கேட்ட படிவத்தில், இந்தத் தேதிகளில் கைப்பேசி வேலை செய்யாது, தொலைநோக்கி அலுவலகத்தின் கம்பித் தொலைபேசிக்கு அழைக்கவும் என்று எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதன் நகலை இணைத்துள்ளேன். அந்தத் தொலைபேசிக்கு ஒருவரும் அழைக்கவில்லை.

5. டிசம்பர் 10 அன்று காலை முனைவர் ஃபூரி அவர்களே பதினொரு விருந்தினர்களோடு என் வாசலுக்கு வந்தார். அவருடைய கைப்பேசியை நான்தான் வாங்கிப் பூட்டினேன். வில்லை எண் 31. வாசல் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதன் நகலும் இணைப்பில் உள்ளது. அன்று அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "என்ன அப்னர், இன்னும் இந்த கேட்டை விடலையா? ரிசல்ட் பாத்தியா?" என்றார். "டூட்டி முடிஞ்சு வெளியே போனாத்தான் தெரியும், டாக்டர்" என்றேன். "நல்லாப் பண்ணியிருக்க. உன் சீட்டு எங்கேயும் போகாது, நிம்மதியா இரு" என்றார். விருந்தினர்களிடம், "இவர் என் மாணவர், அடுத்த வருஷம் வானியற்பியல்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். அவர்கள் கைகுலுக்கினார்கள். எனக்கு அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை.

6. அந்த நிமிடத்தில் என் கைப்பேசியை நோக்கித் தங்கள் செய்தி கிளம்பி ஒரு நாள் கடந்திருந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் "ஏற்கிறேன்" என்று அழுத்தாவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும் என்பது அந்தச் செய்தி. அதை அனுப்பச் சொல்லிக் கையெழுத்திட்டவர் யார் என்று விசாரித்தேன். முனைவர் ஃபூரி அவர்கள்தான். என்னிடம் வாயால் சொல்ல அவருக்கு இரண்டு வினாடி போதும். பதிலாக நிம்மதியாக இருக்கச் சொன்னார். நானும் மடையனைப் போல் நிம்மதியாக இருந்தேன்.

7. அந்த நிம்மதியில் இன்னொன்றும் செய்தேன். டிசம்பர் 20 அன்று வாசல் மேலாளர் எனக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். பிப்ரவரியில் பட்டப்படிப்பு தொடங்குகிறது என்று சொல்லி மறுத்தேன். மறுநாளே அந்த வேலையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

8. எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. தொலைநோக்கிப் பக்கமிருந்து ஊருக்குத் திரும்பும் எந்த வண்டியும், மாடு தாண்டாதபடி சாலையில் கம்பி பதித்த மாட்டுக்கம்பி மேட்டில் நின்றுவிடும். அங்கேதான் சிக்னல் தொடங்குகிறது. எல்லாரும் இறங்கி, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, சேர்ந்து கிடந்த செய்திகள் இறங்கும்வரை நிற்போம். டிசம்பர் 22 அன்று நானும் நின்றேன். தங்கள் மூன்று செய்திகளும் ஒரே நிமிடத்தில் வந்தன. முதலாவது வாழ்த்துகள் என்றது. இரண்டாவது மறந்துவிட வேண்டாம் என்றது. மூன்றாவது, தங்கள் இடம் வேறொருவருக்கு வழங்கப்பட்டது, தங்கள் எதிர்கால முயற்சிகள் வெற்றியடையட்டும் என்றது. பக்கத்தில் நின்றவர்கள் வீட்டுச் செய்தி படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியின் பின்பக்கம் போய் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவன் நான் இல்லை.

9. ஜனவரி 5 அன்று தங்கள் சேர்க்கைப் பிரிவுக்கு அழைத்தேன். செல்வி மக்காபா எடுத்தார். "எங்க பக்கம் மெசேஜ் போயிடுச்சுன்னுதான் காட்டுது சார்" என்றார். எனக்கு வந்தது 22ஆம் தேதி என்றேன். "அப்ப லேட்டுதானே சார்?" என்றார். காரணத்தை எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "வேணும்னா அடித்தள ஆண்டையே இன்னொரு தடவை படிங்களேன், உங்களுக்கு ஈஸியா இருக்கும்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று லீனா இங்கே சேர்க்கச் சொல்கிறாள். சேர்த்துவிட்டேன்.

10. முனைவர் ஃபூரி அவர்களை மூன்றாம் முறைதான் பிடிக்க முடிந்தது. "அன்னிக்கு ஏதோ பேச்சுக்குச் சொன்னேன் அப்னர். சீட்டு கொடுக்கிறது நானில்லை, சிஸ்டம்" என்றார். விருந்தினர் முன்னால் நான் அவருடைய மாணவன். இடம் கேட்டால் சிஸ்டத்தின் பிள்ளை. இப்படிக் கைகழுவ அவருக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. ரேடியோ அமைதியைப் பற்றி எங்களுக்கு ஆறு வாரம் பாடம் எடுத்தவர் அவர். அந்த வாசலில் கைப்பேசி செத்த கட்டை என்பது இந்த நாட்டில் அவரைவிட யாருக்குத் தெரியும்?

11. ஊரில் இப்போது கடைக்குப் போனால், "என்ன ப்ரொஃபசர், வானத்தை மூடிட்டாங்களா?" என்கிறார்கள். லீனாவிடம், "உன் புருஷனுக்கு இனி கேட்டும் இல்ல, நட்சத்திரமும் இல்லியா?" என்று கேட்டிருக்கிறார்கள். தொலைநோக்கிக்காக எங்கள் பகுதியே பேச்சைக் குறைத்துக்கொண்டது. தொலைநோக்கிப் பக்கத்துப் பண்ணைகளில் பிரசவ வலி எடுத்தாலும் மேடு தாண்டித்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம். அதைப் பொறுத்துக்கொண்டோம். எங்களைப் பேசவிடாமல் செய்துவிட்டு, பதில் சொல்லவில்லை என்று எங்கள் ஆளையே வெளியே தள்ளுவதைப் பொறுக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது: என் இடத்தைத் திருப்பித் தர வேண்டும். என் இடத்தில் சேர்ந்திருப்பவரை நீக்கச் சொல்லவில்லை. இன்னொரு நாற்காலி போட்டால் கூரை இடிந்து விழாது. பதிலை அஞ்சல் பெட்டி 22க்குத் தாளில் அனுப்ப வேண்டும். கருணை அடிப்படை என்ற சொல் அதில் வர வேண்டாம். நான் தேர்வு எழுதித் தேறியவன்.

இடம் இல்லை என்பதே தங்கள் முடிவானால், காரணத்தை ஒரே வரியில் எழுதித் தாங்களே கையெழுத்திட வேண்டும்: "தொலைநோக்கியின் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததால் அப்னர் பியூக்கஸுக்கு வானியற்பியல் படிக்க இடமில்லை." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுதக் கை வரவில்லை என்றால், பிப்ரவரி 9 அன்று காலை எட்டு மணிக்கு முதல் வகுப்பு. நான் வந்து உட்காருவேன்.

இணைப்பு: தொடர்புப் படிவம், வாசல் பதிவேட்டின் 10.12.2025 பக்கம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள்.

இடம்: ராண்ட்புட்ஸ்
நாள்: 16.01.2026

இரக்கம் கேளாமல், உரிமை கேட்டு,
(ஒப்பம்) அப்னர் பியூக்கஸ்
வானியற்பியல், முதலாண்டு